வீட்டுக்கு வந்த பதினெட்டாவது குழி

இதைச் சொல்லும்போது எங்கேயாவது தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்ற பயம் சுயம்புக்கனிக்கு எப்போதும் உண்டு. செவ்வாய்க்கிழமை என்று சொல்ல வேண்டியதைப் புதன் என்று சொல்லிவிட்டால் போதும், அதைப் பிடித்துக்கொண்டு ஒருவன் வருவான், அவன் பின்னால் நிலம் அளக்கிறவன் வருவான், அவன் பின்னால் வீடு இடிக்கிற வண்டி வரும் என்று நினைத்துக்கொள்வாள். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், படித்தவர்கள் பேச்சில் எந்த இடத்தில் கண்ணி வைத்திருப்பார்கள் என்பது அவளுக்குத் தெரியாது. ஆனால் வைத்திருப்பார்கள் என்பது தெரியும். அதனால் யார் வந்து கேட்டாலும் கோழிக்கூட்டைத் திறந்த இடத்திலிருந்துதான் தொடங்குவாள். அதற்கு முன்னால் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அதை அவள் சொல்வதில்லை, எல்லோருக்கும் தெரியும் என்று நினைக்கிறாள்.

முத்தாடிவிளை தேரியின் ஓரத்தில் இருந்தது. கடற்காற்று முகத்தில் அடிக்கிற தூரத்தில், கண் எட்டுகிற மட்டும் சிவப்பு மணலாய்ப் பரந்து கிடக்கும் பாலைவனத்தைத்தான் அந்தப் பக்கத்தில் தேரி என்கிறார்கள். ஆனியும் ஆடியும் வந்தால் அங்கே மணல் மேடுகள் எழுந்து நடக்கும். நேற்று உங்கள் விளையில், வீடும் தோட்டமுமான நிலத்தில், படுத்திருந்த மேடு இன்று என் விளையில் வந்து படுத்திருக்கும். ஆகவே அந்த ஊரில் வேலிக்கும் எல்லைக்கல்லுக்கும் மதிப்புக் கிடையாது. மேடு எங்கே போகிறதோ அங்கே அதன் சொந்தக்காரனும் போவான்; அது நிற்கிற விளை முழுக்க, அது நிற்கிற மட்டும், அவனுக்குத்தான். வந்த மேட்டைப் பார்த்ததும் இடத்துக்காரர் ஒரு செம்புத் தண்ணீரை அதன் தலையில் ஊற்றி, பக்கத்து வீட்டார் காதில் விழும்படி "வந்தது இருக்கட்டும்" என்று சொல்லிவிட வேண்டும். சொன்ன பிறகு யாரும் மண்வெட்டியைத் தொடக்கூடாது. இந்த ஒரு வார்த்தையால்தான் முத்தாடிவிளையில் மண்ணுக்காக ஒரு கொலைகூட விழுந்ததில்லை.

அந்தத் தேரியில்தான் செந்தேரி ரிசார்ட் வந்தது. சிவப்பு மணலுக்கு நடுவே அங்கங்கே பச்சைப் புல்லை விரித்து, பதினெட்டு குழி தோண்டி, குழிக்கு ஒரு கொடி நட்டு, கோல்ஃப் விளையாட உலகத்தையே அழைத்தார்கள். உலகம் வந்தது. ஒரு ஆட்டம் ஆடுவதற்கு ஒரு வருஷம் முன்பே திட்டம் போட்டு, எந்த மாதம், எந்தக் காற்று, யார் கூட, காலையிலா மாலையிலா என்று யோசித்துப் பதிந்துவைத்துவிட்டு, கொரியாவிலிருந்தும் துபாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் வெள்ளைத் தொப்பி போட்டவர்கள் வந்து இறங்கினார்கள். ஊரில் பாதிப் பேர் நிலத்தைக் கொடுத்துவிட்டு அங்கேயே வேலைக்குச் சேர்ந்தார்கள். கேட்டவர்களில் சுயம்புக்கனி மட்டும் கொடுக்கவில்லை. புருஷன் லிங்கத்துரை மும்பையில் மளிகைக் கடையில் வேலை பார்த்துக் கடைக்குள்ளேயே படுத்துக்கொள்கிற ஆள். பிள்ளை குட்டி இல்லை. தாய் வீட்டு நகையை விற்றுக் கட்டிய இந்த வீட்டை விட்டால் அவளுக்குத் தலை சாய்க்க வேறு இடமில்லை. ரிசார்ட்டின் வேலி அவள் வீட்டை மூன்று பக்கமும் சுற்றி வளைத்து, நாலாவது பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றது.

வைகாசிச் செவ்வாய்க்கிழமை ஒன்றில் அவள் கோழிக்கூட்டைத் திறந்தாள். கோழிகள் வெளியே வந்து, நாலு எட்டு வைத்து, நின்றுவிட்டன. முற்றத்தில் நாலு கட்டில் போடுகிற அளவுக்குப் பச்சைப் புல் வட்டமாகக் கிடந்தது. புல்லின் நடுவில் ஒரு குழி, குழியில் ஒரு கம்பு, கம்பில் ஒரு சிவப்புக் கொடி. புல் மேல் பனி இருந்தது. வேரோடு வந்த மண் ஈரமாக இருந்தது. தூரத்தில், ரிசார்ட் கட்டடத்துக்கு முன்னால் நேற்று வரை அது இருந்த இடத்தில், மொட்டைச் சிவப்பு மணல் தெரிந்தது.

மதில் மேல் ஞானப்பூவின் தலை எட்டிப் பார்த்தது. பக்கத்து வீட்டுக்காரி. அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிட்டுப் பழகியவள், அந்த உரிமையில் எதையும் கேட்பாள்.

"மைனி, இது அவனுவ கடைசிக் குழில்லா? பதினெட்டாவது?"

"அப்படித்தான் தெரியுது."

"எப்ப வந்துச்சு?"

"ராத்திரி கூடு அடைக்கும்போது இல்ல."

"நடந்துதான் வந்திருக்கும்" என்றாள் ஞானப்பூ, பஸ் வந்துவிட்டது என்று சொல்வதைப் போல. பிறகு கண்ணைச் சுருக்கினாள். "எத்தன வீடு கெடக்கு. ஒங்க வீட்டுக்கு மட்டும் ஏன் வருது?"

குழி நடந்து வந்தது சுயம்புக்கனிக்கு ஆச்சரியமில்லை. தேரியில் எதுதான் நடக்கவில்லை. ஆனால் யார் அனுப்பி வந்தது என்ற கேள்வி மார்பில் முள்ளாகக் குத்தியது. குத்திக்கொண்டிருக்கும்போதே, கை மட்டும் பிறந்ததிலிருந்து பழகிய வேலையைச் செய்தது. தண்ணீர்த் தொட்டியில் செம்பை முக்கி, புல்லின் தலையில் ஊற்றி, "வந்தது இருக்கட்டும்" என்று வாய் சொல்லிவிட்டது. ஞானப்பூ காதால் கேட்டாள். அந்த ஊர்க்காரி அல்லாத வேறு எவளாக இருந்தாலும் கூச்சல் போட்டுக் கொடியைப் பிடுங்கி வேலிக்கு அப்பால் எறிந்திருப்பாள்.

ஊர் இரண்டே நாளில் அதற்குப் பழகிக்கொண்டது. பஸ் கண்டக்டர் "கொடி வீடு எறங்கு" என்று கூவ ஆரம்பித்தான். ஆடுகள் வந்து மோந்து பார்த்துவிட்டு அந்தப் புல்லைத் தின்னாமல் போனதைப் பார்த்து, ஆட்டுக்குத் தெரிந்த ஏதோ ஒன்று நமக்குத் தெரியவில்லை என்று பெண்கள் குழாயடியில் பேசிக்கொண்டார்கள். அவள்தான் சோறு வைத்துப் பழக்கி வரவழைத்தாள் என்றார்கள் சிலர். விலை ஏறட்டும் என்று அவளே இரவில் இழுத்து வந்தாள் என்றார்கள் சிலர். ரிசார்ட்டோ இன்னும் சீக்கிரம் பழகிக்கொண்டது. விருந்தாளிகள் பதினேழு குழியை மணலில் ஆடி முடித்துவிட்டு, வேலியில் புதிதாக வெட்டிய வாசல் வழியாக அவள் முற்றத்துக்கு வந்து ஆட்டத்தை முடித்தார்கள். நடக்கும் குழி என்று பேர் பரவி, அதில் ஆட வேண்டும் என்றே உலகம் முழுவதும் இருந்து ஆட்கள் திட்டம் போட்டார்கள். அவள் வீட்டு முருங்கை மரத்துக்கு மேலே அடிக்கலாமா பக்கத்தில் அடிக்கலாமா, அந்த அம்மா துணி காயப்போடுகிற நேரம் எது, முற்றத்தில் கட்டியிருக்கும் மாட்டின் வால் எந்தப் பக்கம் வீசும் என்றெல்லாம் முன்கூட்டியே விசாரித்துக்கொண்டு வந்தார்கள்.

இதையெல்லாம் அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஞானப்பூவின் புருஷன் ஏசுவடியான். விருந்தாளிகளின் மட்டைப் பையைச் சுமந்துகொண்டு கூடவே நடப்பது அவர் வேலை. அந்த வேலைக்குக் கேடி என்று பேர். "கல்யாணத்துக்கு முன்னாலேயே எங்க அம்மா சொன்னா, பையன் கேடின்னு" என்று ஞானப்பூ அதை வைத்தே தினமும் ஒரு முறை சிரிப்பாள்.

சுயம்புக்கனி சிரிக்கவில்லை. வருகிறவர்கள் ஒவ்வொருவரும் கொடியைப் பார்ப்பதுபோல் வீட்டைப் பார்க்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. ஒருத்தி சுவரைத் தட்டிப் பார்த்தாள். ஒருவன் குனிந்து பந்தைத் தள்ளுவதற்குமுன் வெகுநேரம் ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு தரையை அளந்தான். அளக்கிறவன் எதற்கு அளக்கிறான்?

லிங்கத்துரை போன் செய்தான். ஊர்ப் பேச்சு மும்பைக்கு அவளுக்கு முன்னால் போயிருந்தது.

"ஏட்டி, எவன்கிட்டக் கையெழுத்து போட்டே?"

"எங்கயும் போடல்ல. குழி தானா வந்துச்சு."

"தானா வரதுக்கு அது என்ன ஒன் தங்கச்சியா?"

"நீங்க வந்து பாருங்க."

"நான் வந்தா கடைய யாரு பாப்பா? சரி, அவனுவ நல்லாக் கேட்டா குடுத்துத் தொலச்சிரு."

போனை வைத்த பிறகு, புருஷனுக்கும் ரிசார்ட்டிலிருந்து யாராவது பேசியிருப்பார்களோ என்று அன்றைக்கு முழுக்க நினைத்து நினைத்து அவள் குழம்பைக் கருக விட்டாள்.

ஆனி பிறந்ததும் மேனேஜர் கார்வேந்தன் வந்தார். கோயம்புத்தூர்ப் பக்கத்து மனிதர். பேச்சு அவ்வளவும் தேன். ஊர்ப் பெரியவர்களையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, நல்லா இருக்கீங்களா? ஒரு சின்ன விசயந்தானுங்க. உங்க ஊரு வழக்கம் என்னன்னு நானும் விசாரிச்சேன். வந்தது எங்க நிக்குதோ அந்த எடம் வந்தவனுக்குன்னு சொல்றாங்க. எங்க குழி உங்க எடத்துல நிக்குதுங்க. நீங்க தண்ணி வேற ஊத்தியிருக்கீங்க."

சுயம்புக்கனி பெரியவர்களைப் பார்த்தாள். அவர்கள் மாட்டைப் பார்த்தார்கள்.

"அது மணலுக்கு உள்ள வழக்கம்லா" என்றாள்.

"குழின்னா என்னங்க, மணலுக்குள்ள இருக்கறதுதானுங்களே" என்றார் கார்வேந்தன்.

பெரியவர்களில் ஒருவர் தொண்டையைச் செருமினார். "தண்ணி ஊத்திட்டியே தாயி. வார்த்தையும் சொல்லிட்டே. ஞானப்பூ கேட்டிருக்கா. நாளைக்கு எங்க மேட்டுக்கும் இதேதான? ஒனக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயம்னு வைக்க முடியுமா?"

ஞானப்பூ மதிலுக்கு அந்தப் பக்கம் சத்தமில்லாமல் உட்கார்ந்துவிட்டாள். கேட்கவில்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. சொன்னால் முத்தாடிவிளையில் எந்த மேடும் எந்த வார்த்தையும் நிற்காது.

ஆடி பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்று முடிவாயிற்று. வேலைக்காரர்கள் தங்குகிற இடத்தில் ஒரு அறை தருவதாகக் கார்வேந்தன் சொன்னார். "ஜன்னல்ல இருந்து பாத்தா உங்க முருங்கை தெரியுமுங்க" என்றார், அது ஒரு ஆறுதல் என்பதுபோல.

அதன் பிறகு சுயம்புக்கனிக்குத் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை. குழியிடம் போய் நின்று, "போயேன், வந்த வழியே போயேன்" என்று சொல்லிப் பார்த்தாள். அது கேட்டுக்கொண்டு கிடந்தது. அது உண்மையிலேயே கேட்கிறதா, கேட்டதைப் போய் அங்கே சொல்கிறதா என்ற சந்தேகம் வந்து அதையும் நிறுத்திவிட்டாள்.

ஆனி பாதியில் காற்று ஏறியது. அப்போதுதான் சிங்கப்பூர்க்காரர் ஒருவர் ஆட வந்தார். வயதானவர். குழிக்கு ஒரு முழம் தள்ளிப் பந்து கிடந்தது. தட்டினால் விழுந்துவிடும். அவர் தட்டவில்லை. கொண்டுவந்த நாற்காலியை விரித்து உட்கார்ந்து, குடையைப் பிடித்துக்கொண்டு, கொடியையே பார்த்துக்கொண்டிருந்தார். பின்னால் வந்தவர்கள் வேலி வாசலில் வரிசையாக நின்றார்கள். வெயில் ஏறியது. கார்வேந்தன் இரண்டு முறை வந்து, கைகட்டி நின்று, ஒன்றும் சொல்லாமல் போனார்.

"இந்த ஆளு ஏன் எந்திரிக்க மாட்டேங்காரு?" என்று சுயம்புக்கனி ஏசுவடியானிடம் கேட்டாள்.

"காத்து அடங்கட்டும்னு இருக்காரு."

"மேனேஜர் எழுப்ப மாட்டாரா?"

"எழுப்ப முடியாது தாயி. அதான அவங்க பெருமையே. வாசல்ல பெரிசா எழுதிப் போட்டிருக்கான் பாத்ததில்லியா? 'காற்று அடங்கும் வரை காத்திருங்கள். ஆட்டம் முடியும் வரை உங்கள் பந்து கிடக்கும் இடம் உங்களுடையது.' தேரிக் காத்துக்குப் பயந்து ஆளு வராமப் போயிருவான்னு மொத மொதல்ல குடுத்த வாக்கு. அத நம்பித்தான் உலகமே வருது. ஒருத்தர எழுப்பினான்னா போச்சு, கடைய மூடிரணும்."

"பந்த எடுத்து வச்சிட்டா?"

"தொடவே கூடாது. கெடந்த எடத்துலேருந்துதான் அடிக்கணும்."

சுயம்புக்கனி சிங்கப்பூர்க்காரரை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இதிலும் ஏதாவது கண்ணி இருக்குமோ என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய்ப் பல நாளைக்குப் பிறகு வயிறு நிறையச் சாப்பிட்டாள்.

மறுநாள் கார்வேந்தன் பெட்டி கட்டியாயிற்றா என்று விசாரிக்க வந்தபோது அவள் சொன்னாள்: "போறதுக்கு முன்ன நானும் ஒரு ஆட்டம் ஆடணும்."

கார்வேந்தனுக்கு முகம் மலர்ந்துவிட்டது. புடவை கட்டிய அம்மாள் மட்டையோடு நிற்கிற படத்தை அவர் மனதுக்குள் பெரிதாக்கி வாசலில் மாட்டிவிட்டார். "அதுக்கென்னங்க அம்மணி! நீங்க எங்க விருந்தாளி. வந்து திட்டம் போடுங்க."

திட்டம் போடும் கூடம் குளுகுளுவென்று இருந்தது. எலுமிச்சைத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார்கள். அதில் எதையாவது கலந்திருப்பார்களோ என்று அவள் தொடவில்லை. கூடத்தின் நடுவில் ஒரு பெரிய மேஜை. அதன்மேல் தேரியை அப்படியே சின்னதாகச் செய்து வைத்திருந்தார்கள், சிவப்பு மணல், பச்சைத் துண்டுகள், ஊசி ஊசியாய்க் கொடிகள். விருந்தாளிகள் அதைச் சுற்றி நின்றுகொண்டு எங்கே ஆரம்பித்து எப்படிப் போவது என்று விரலால் கோடு போட்டார்கள். அவள் தன் வீட்டைத் தேடினாள். பதினெட்டாவது கொடி இருந்தது. முருங்கை இருந்தது. வீடு இல்லை. இருந்த இடத்தைத் தடவிச் சமன் செய்து புல் ஒட்டியிருந்தார்கள்.

"எந்த நேரம் வேணுமுங்க?" என்று அங்கே இருந்த பெண் கேட்டாள்.

"காத்து நெறய இருக்கிற நேரம்."

"எல்லாரும் காத்து இல்லாத நேரந்தான் கேப்பாங்க மேடம்."

"எனக்கு இருக்கணும்."

மட்டை எது, தொப்பி எது, செருப்பு எது என்று கேட்டாள் அந்தப் பெண். ஒரே ஒரு மட்டை போதும், தலைக்கு முந்தானை இருக்கிறது, காலுக்கு ஒன்றும் வேண்டாம் என்றாள் சுயம்புக்கனி. கூட வருகிறவர் ஏசுவடியான். கையெழுத்துப் போடச் சொன்னபோது மட்டும், அதில் எழுதியிருந்ததை ஏசுவடியான் மூன்று முறை வாசித்துக் காட்டிய பிறகே போட்டாள்.

ஆனி கடைசி நாள் அவள் ஆடினாள். தேரி முழுக்கக் கிளம்பிச் சிவப்பாகச் சுழன்ற அந்தக் காற்றில், புடவையைத் தூக்கிச் செருகி, துணி துவைக்கிற மாதிரி மட்டையை ஓங்கி அடித்தாள். அடித்த பந்து காற்றில் ஏறித் திரும்பி அவள் பின்னாலேயே வந்து விழுந்தது, மறுபடி அடித்தாள், மணலில் புதைந்தது, தோண்டாமல் அடித்தாள், பனைக்குப் பின்னால் போனது, பனையைச் சுற்றி வந்து அடித்தாள். ஊரே அவள் பின்னால் நடந்தது. "எட்டி, அதப் போட்டு அடிக்காத, அது என்ன பாவம் பண்ணுச்சு" என்று கிழவிகள் கத்தினார்கள். ஞானப்பூ சோற்றுப் பொட்டலத்தைக் கையில் வைத்துக்கொண்டு குழிக்குக் குழி கூடவே ஓடினாள். கார்வேந்தன் படம் எடுக்க ஆள் வைத்திருந்தார். காலையில் தொடங்கியது, வெயில் சாய்கிற நேரத்துக்குத்தான் அவள் வேலி வாசலைத் தாண்டித் தன் முற்றத்துக்குள் வந்தாள்.

பந்து புல்லின் ஓரத்தில் கிடந்தது. கொடி காற்றில் படபடத்தது. எதிரே குழி. இடது பக்கம் அவள் வீடு, கதவு திறந்து கிடந்தது.

"மெதுவாத் தட்டுங்க அம்மணி, விழுந்துருமுங்க" என்றார் கார்வேந்தன்.

அவள் குழிக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்று அடித்தாள். பந்து படியில் மோதித் துள்ளி, வீட்டுக்குள் போய், கூடத்தைத் தாண்டி, அடுக்களைக்குள் உருண்டு, அம்மிக்கும் சுவருக்கும் நடுவில் போய் ஒண்டிக்கொண்டது.

ஊரும் விருந்தாளிகளும் வாசலில் நெருக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். அவள் உள்ளே போய்ப் பந்துக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள்.

"அடிங்க அம்மணி" என்றார் கார்வேந்தன் வாசலில் நின்று.

"காத்து அடங்கட்டும்."

அவருக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்ததும் பேச்சிலிருந்த தேன் வற்றியது. "விளையாடாதீங்க. எடுத்து வெளிய வச்சிருவேன்."

"தொடக்கூடாது சார்" என்றார் ஏசுவடியான். வேலை போகும் என்று தெரிந்தும் சொல்லிவிட்டார். வெள்ளைத் தொப்பிக்காரர்கள் அத்தனை பேரும் கார்வேந்தனைப் பார்த்தார்கள். ஒருத்தி போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டாள்.

கார்வேந்தன் வாசலில் நின்றபடியே யோசித்தார். பிறகு மெல்லச் சிரித்தார். "செரி. வாக்குன்னா வாக்குதானுங்க. காத்து அடிக்கற வரைக்கும் இருங்க. ஆனா அடுக்களைக்குள்ள ஏதுங்க காத்து? பொறக்கடைக் கதவும் ஜன்னலும் சாத்தியிருக்கற எடத்துல எங்க அடிக்குது? காலையில விருந்தாளிங்களோட வந்து பாக்கறேன். காத்து இல்லீன்னா நீங்க அடிச்சுத்தான் ஆகணும்."

ஊரார் மெல்லக் கலைந்தார்கள். விளக்கு வைக்கிற நேரம் நெருங்கியது. சுயம்புக்கனி எழுந்து அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். மேற்கே ஒரு ஜன்னல், தெற்கே ஒரு கதவு, இரண்டும் தேக்கு. மதிலுக்கு அப்பால் குரல் கொடுத்துக் கடப்பாரை கேட்டாள். ஞானப்பூ கடப்பாரையோடு புருஷனையும் இழுத்துக்கொண்டு மதில் ஏறியே வந்தாள்.

"எதுக்கு மைனி?"

"கதவக் கழத்தணும். காத்து உள்ள வரணும்லா."

"பொம்பள தனியாக் கெடக்கிற வீடு. பயமில்லியா?"

"பயந்தான்" என்றாள் சுயம்புக்கனி. கீலுக்கு அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினாள்.

தெற்குக் கதவு முதலில் வந்தது. பிறகு ஜன்னல். பிறகு கூடத்துக் கதவு, வாசல் கதவு, கூரையில் காற்றை மறித்த நாலைந்து ஓடு. ஒவ்வொன்று கழன்றபோதும் தேரி ஒரு பிடி உள்ளே வந்தது. கழற்றிய கதவுகளை ஒன்றும் மிச்சம் வைக்காமல் கோடாலியால் பிளந்து விறகாக்கினாள், திரும்ப மாட்டிவிட யாருக்கும் வழி இருக்கக் கூடாது என்று. அந்த விறகிலேயே அடுப்பு மூட்டினாள். காற்று அணைத்தது, மூட்டினாள். மறுபடியும் அணைத்தது, முதுகைக் கொடுத்து மறைத்துக்கொண்டு மூட்டினாள். ஒரு வழியாகச் சோறு வெந்தது. பந்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் மேல் ஒரு கண்ணும் திறந்து கிடந்த வாசல் மேல் ஒரு கண்ணுமாக, பிசைந்து வாயில் வைத்தாள். சோற்றில் மணல் நறநறத்தது. மென்று விழுங்கினாள்.